பாதி எரிந்த கோயிலும் அதில் குடியிருப்பவர்களும்

நோத்ர தாம் தேவாலயம் 2024 டிசம்பரில் திரும்பத் திறந்த நாளிலிருந்து பாரிஸில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் "ஐந்தே வருஷத்தில் முடித்துவிட்டார்கள், பார்த்தீர்களா" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. 2019 ஏப்ரல் 15 மாலை கூரை பற்றி எரிந்து, நடுவிலிருந்த கூர்முனை ஒடிந்து விழுந்ததை உலகமே பார்த்தது. 80 கோடி யூரோவுக்கு மேல் நன்கொடை குவிந்தது. ஓக் மரங்களைப் பழைய முறைப்படி கோடாரியால் செதுக்கி, ஈயத் தகடு வேய்ந்து, விழுந்த கூர்முனையை அச்சு அசலாகத் திரும்ப நிறுத்திவிட்டார்கள். நானும் வரிசையில் நின்று உள்ளே போய்ப் பார்த்தேன். கல்லெல்லாம் வெண்ணெய் நிறத்தில் பளிச்சென்று இருக்கிறது, நெருப்பு வந்துபோன தடம் எதுவும் கண்ணில் படவில்லை. அங்கேதான் எனக்கு ஏதோ நெருடியது. என்ன நெருடல் என்று கேட்டிருந்தால் அன்றைக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

நான் குடியிருப்பது பாரிஸை ஒட்டிய சென்-தெனி பக்கம். அங்குள்ள பேராலயத்தைப் பற்றியும் இதே பேச்சுதான். அதன் வடக்குக் கோபுரத்தில் 1837இல் இடி விழுந்தது, பழுது பார்த்த விதம் சரியில்லாமல் விரிசல் விட்டது, கடைசியில் 1846இல் கல் கல்லாகப் பிரித்து இறக்கினார்கள். அன்றிலிருந்து அந்த முகப்பு ஒற்றைக் கோபுரத்தோடுதான் நிற்கிறது. இப்போது அதைத் திரும்பக் கட்டுகிறார்கள். ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்குப் பெருமை, மீதிப் பேருக்கு அந்தப் பணத்தில் பள்ளிக்கூடத்தின் ஒழுகும் கூரையைப் பார்க்கலாமே என்ற எரிச்சல். நான் எந்தப் பக்கம் என்று கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒற்றைக் கோபுரத்துக்குக் கண் பழகிவிட்டது என்பது ஒரு காரணமா, அல்லது அது வெறும் சோம்பலா என்று எனக்கே தெரியவில்லை.

அப்புறம் எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஒரு அண்ணை, பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை செய்பவர், நெவேர் பக்கம் ஒரு வேலைத்தளத்துக்குப் போய்விட்டு வந்து படிக்கட்டில் வைத்து என்னைப் பிடித்தார். "தம்பி, நோத்ர தாமுக்கு ஐஞ்சு வருஷம் எண்டு எல்லாரும் துள்ளுறியள். அங்க ஒரு கோயில் எரிஞ்சு நானூற்றி அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் பாதிதான் நிக்குது. மற்றப் பாதிக்குள்ள சனம் வீடு கட்டிக் குடியிருக்குது. இதெல்லாம் ஒரு ஞாயமா?" ஊர் பெயர் கேட்டேன். லா ஷாரித்தே-சூர்-லுவார் என்றார். பாரிஸின் பெர்சி நிலையத்திலிருந்து நெவேர் போகும் ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் கிளம்பினோம்.

ஆற்றின் அந்தப் பக்கத்திலிருந்து

அந்த ஊருக்குப் போகிறவர்கள் ரயில் நிலையத்திலிருந்து நேராகத் தேவாலயத்துக்குப் போகாமல், முதலில் ஊரைக் குறுக்காகக் கடந்து ஆற்றுக்கு இறங்கி, 16ஆம் நூற்றாண்டுக் கல்பாலத்தில் ஏறித் தீவுப் பக்கம் போய்த் திரும்பிப் பார்ப்பது நல்லது. லுவார் ஆறு அங்கே அகலமானது, ஆனால் ஆழமில்லை, மணல்திட்டுகளுக்கு இடையே பல கிளையாகப் பிரிந்து தன் இஷ்டத்துக்கு ஓடுகிறது. ஒரு காலத்தில் சரக்குப் படகுகள் நெருக்கியடித்த ஆறு. ரயில் வந்ததும் அந்தத் தொழில் போய்விட்டது. பாலத்தின் நடுவிலிருந்து பார்த்தால் ஐயாயிரத்துக்கும் குறைவான ஆட்கள் வாழும் அந்தச் சின்ன ஊரின் ஓட்டுக்கூரைகளுக்கு மேலே இரண்டு கோபுரங்கள் தெரியும். ஒன்று சதுரம், ஒன்று எட்டுப் பட்டை. இரண்டும் வேறு வேறு தேவாலயங்களுக்குச் சொந்தம் என்றுதான் யாரும் நினைப்பார்கள், அவ்வளவு தள்ளி நிற்கின்றன. ஒரே கட்டடத்தின் இரண்டு முனைகள் அவை. சதுரக் கோபுரம் மேற்கு முகப்பில் இருந்தது, எட்டுப் பட்டைக் கோபுரம் சிலுவை வடிவக் கட்டடத்தின் நெடுக்கும் குறுக்கும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு மேலே. நடுவே தெரியும் ஓடுகளும் புகைபோக்கிகளும் தொலைக்காட்சி அன்டெனாக்களும்தான் காணாமல்போன பாதி.

1059இல் பர்கண்டியிலிருந்த க்ளூனி துறவி மடத்தின் கிளையாக இங்கே ஒரு மடம் தொடங்கியது. அப்போது க்ளூனி என்றால் ஐரோப்பா முழுக்கப் பேர். ஸ்பெயினில் காஸ்தீல் அரசர் ஆறாம் அல்ஃபோன்ஸோ வருஷா வருஷம் பொன் அனுப்பிய இடம். லா ஷாரித்தேயைக் க்ளூனியின் மூத்த மகள் என்று அழைத்தார்கள், மகளும் தாய் வீட்டுச் செல்வாக்குக்குத் தக்கபடிதான் கட்டிக்கொண்டாள். 1107இல் போப் இரண்டாம் பாஸ்கல் நேரில் வந்து இந்தத் தேவாலயத்தை அர்ச்சித்தார். அந்தச் சடங்கில் சென்-தெனி மடத்தைச் சேர்ந்த சூஜே என்ற இளம் துறவியும் இருந்தார். பிற்பாடு அந்த மடத்துக்குத் தலைவராகி, எங்கள் பேராலயத்தைப் புதுப்பித்துக் கோதிக் பாணிக்கே பிள்ளையார் சுழி போட்டவர் அவர்தான். அர்ச்சிப்பு முடிந்த பிறகும் கை ஓயவில்லை. 12ஆம் நூற்றாண்டிலேயே திருப்பீடப் பகுதியை இடித்துப் பெரிதாக்கி, சுற்று நடையும் சிற்றாலயங்களும் சேர்த்தார்கள். மேற்கு முகப்பிலிருந்து கிழக்குக் கோடி வரை 120 மீட்டருக்கு மேல் நீளம். நடுக்கூடத்துக்கு மட்டும் பத்து அங்கணங்கள், அதாவது தூணுக்கும் தூணுக்கும் நடுவிலுள்ள பத்துப் பகுதிகள். பிரான்ஸில் அன்றைக்கு இதைவிடப் பெரியது தாய் மடத்தின் தேவாலயம் மட்டும்தான் என்று சொல்கிறார்கள்.

1429 கடைசியில் ழான் தார்க் (ஜோன் ஆஃப் ஆர்க்) இந்த ஊரை முற்றுகையிட்டுப் பிடிக்க முடியாமல் திரும்பிப் போன கதையெல்லாம் உண்டு, அது வேறு விஷயம். நமக்கு வேண்டியது 1559 கோடை. ஊரில் தீப்பிடித்து வீடுகளோடு மடமும் தேவாலயமும் எரிந்தன. திரும்பக் கட்ட வேண்டிய நேரத்தில் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்ட்டுகளும் வெட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள், லுவாரைக் கடக்கும் பாலம் இருந்ததால் ஊர் மாறி மாறிக் கைமாறியது. 1570 சமாதான ஒப்பந்தத்தில் புராட்டஸ்டண்ட்டுகளுக்குப் பாதுகாப்புக்கென்று கொடுத்த நான்கு ஊர்களில் லா ரோஷெல், கொஞ்ஞாக், மொந்தோபானோடு லா ஷாரித்தேயும் ஒன்று. அந்தக் குழப்பத்தில் கல்தச்சனுக்கு யார் கூலி கொடுப்பது? சண்டை ஓய்ந்த பிறகும் மடத்தின் தலைமைப் பதவி அரசவைச் செல்வாக்குள்ளவர்களுக்குப் போனது. அவர்கள் அங்கே தங்குவதில்லை, வருமானம் மட்டும் போய்ச் சேரும். (இந்த ஏற்பாட்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஏனோ நம்மூர்க் கோயில் நிலங்களின் நினைவு வருகிறது, சரி, விடுங்கள்.) 17ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் குறுக்குக் கூடத்தை, அதாவது சிலுவையின் கைப் பகுதியை, ஒட்டிய நான்கு அங்கணங்களைச் செப்பனிட்டு, அதோடு நிறுத்தி, குறுக்கே ஒரு சுவரெழுப்பி மூடினார்கள். மீதி ஆறு அங்கணங்களையும் தொடவில்லை. அவற்றின் மேற்குக் கோடியில் அந்தச் சதுரக் கோபுரம், சென்ட்-க்ருவா கோபுரம், உடம்பிலிருந்து பிரிந்து தனியே நின்றது.

சுவர் யாருடையது

சென்ட்-க்ருவா கோபுரத்தைத் தாண்டி உள்ளே நுழைந்தால் ஒரு சதுக்கம். அந்தச் சதுக்கம்தான் பழைய நடுக்கூடம், தலைக்கு மேலே வானம். எதிரே கொஞ்ச தூரத்தில் 17ஆம் நூற்றாண்டில் அவசரத்துக்கு மூடிய அந்தச் சுவர், எந்த அழகும் இல்லாமல், ஒரு தானியக் களஞ்சியத்தின் முதுகைப் போல நிற்கிறது. இடது கைப் பக்கம், அதாவது வடக்கில், ஒரு வரிசை வீடுகள். சாதாரண வீடுகள்தான்: மரச் சன்னல் கதவுகள், கதவில் தபால் துவாரம், ஒரு சன்னலில் பூந்தொட்டி. ஆனால் கொஞ்சம் அண்ணாந்து பார்த்தால், சன்னல்களுக்கு மேலே, மூவிதழ் வளைவுகளும் அரைத்தூண்களும் வரிசையாக ஓடுகின்றன. 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயச் சுவர் அது. கீழே ஒரு குடும்பத்தின் வரவேற்பறை, மேலே ரோமனெஸ்க் (கோதிக்குக்கு முந்தைய பாணி) சிற்பவேலை, இரண்டுக்கும் நடுவே மழைநீர்க் குழாய். இந்த வடக்குப் பக்கக் கூடம் மடம் இருந்த காலத்திலேயே ஊர்ச் சனங்களின் பங்குக் கோயிலாகத்தான் இருந்தது. துறவிகளுக்கு நடுக்கூடம், சனங்களுக்குப் பக்கக்கூடம். பிறகு அதுவே வீடுகளாகிவிட்டது.

அண்ணைக்கு இதைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. அவர் கத்தோலிக்கர், ஞாயிறு பூசை தவறவிடாதவர். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது தங்கள் வீட்டுக்குக் கூரை போடுவதற்கு முதலே கோயிலுக்குத்தான் தகரம் போட்டார்கள் என்று முன்பே சொல்லியிருக்கிறார். அதனால் அவர் கோபத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "காசில்லாத நாடா இது? இந்த வீட்டுக்காரருக்கு வேற இடத்தில வீடு குடுத்துப்போட்டு, இந்த ஆறு அங்கணத்தையும் கட்டி மூடினா முடிஞ்சுது. வரைபடம் இருக்கும், கல்லு இருக்கும், ஆள் இருக்கு." நான் ஏதோ பதில் சொல்லிப் பார்த்தேன். காலத்தின் அடையாளம், தீயின் சாட்சி என்றெல்லாம். எனக்கே அது புகைப்படப் புத்தகத்தின் பின்னட்டை வாசகம் மாதிரிக் கேட்டது. அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வீட்டு வரிசையின் கோடிக்குப் போய் சுவரை உள்ளங்கையால் தடவினார், விரல் நகத்தால் சாந்தைச் சுரண்டினார், கூரை சுவரைத் தொடும் இடத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தொழில்காரர் பார்வை வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "இந்தச் சுவர் இடிஞ்சா ஆர் காசு கட்டுறது? கோயிலா, வீட்டுக்காரரா?" எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் கேள்வியை எனக்காகக் கேட்கவில்லை, தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டின் தீராந்தி (உத்தரம்) இந்தச் சுவரில்தான் தங்கும், அதனால் வீட்டுக்காரன் சுவரைப் பார்த்துக்கொண்டே ஆக வேண்டும். சுவரின் தலையில் அவன் ஓடு போட்டிருக்கிறான், அதனால் மழை சுவருக்குள் இறங்கவில்லை. கூரையில்லாத கல்சுவர் எப்படிச் சாகும் தெரியுமா என்று விளக்க ஆரம்பித்தார். தண்ணீர் மேலே திறந்த வாய் வழியாக உள்ளே இறங்கும், சுண்ணாம்புச் சாந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு போகும், குளிர்காலத்தில் உறைந்து விரிந்து கல்லைப் பிளக்கும், பிறகு ஒரு செடி வேர் விடும், ஐம்பது வருஷத்தில் சுவர் வயிறு தள்ளும். "மற்றப் பக்கம் பாரும்," என்றார். தெற்கைக் காட்டினார். வடக்கில் நிற்கும் அளவுக்கு அங்கே பழைய சுவர் இல்லை. "இங்க ஆள் இருந்தது, சுவர் இருக்குது."

அவர் இதைச் சாதாரணமாக, ஒரு வேலைத்தளத்தில் புதுப் பையனுக்குச் சொல்வது போலச் சொன்னார். வாயை மூடாமலே திரும்பவும் வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று ஆரம்பித்தும்விட்டார். தன் வாதத்தைத் தானே உடைத்தது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. எனக்கோ நோத்ர தாமில் நெருடியது என்ன என்பது அந்த இடத்தில் பிடிபட்டது. எரிந்த கட்டடத்துக்கு இரண்டே வழிதான் என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்: ஒன்று பழையபடி கட்டுவது, அல்லது இடிபாடாக வேலி போட்டு வைப்பது. சென்-தெனிச் சண்டையும் இந்த இரண்டுக்குள்தான் சுற்றுகிறது. இங்கே நடந்தது இரண்டும் இல்லை. காசில்லாத ஊர்ச் சனங்கள், வேறு போக்கிடம் இல்லாததால், கிடைத்த சுவரில் தங்கள் வீட்டைச் சாய்த்துக் கட்டினார்கள். அவர்களுக்குப் பாரம்பரியத்தைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் இருந்திருக்காது. சமையலறையில் ஒழுகக் கூடாது, அவ்வளவுதான். அந்த ஒழுகக் கூடாது என்ற கவலை தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்ததால்தான் ஒரு 12ஆம் நூற்றாண்டுச் சுவர் நிற்கிறது. பழுதுபார்ப்பு என்றால் இதுவும் பழுதுபார்ப்புதான், யாரும் அதற்கு ரிப்பன் வெட்டவில்லை என்பதைத் தவிர.

தாய்க்கு நடந்தது, மகளுக்கு நடக்க இருந்தது

இதைச் சொன்னால் படித்தவர்கள் உடனே மெரிமே பெயரை எடுப்பார்கள். எடுக்க வேண்டியதுதான். எழுத்தாளரான ப்ராஸ்பெர் மெரிமே 1834இல் வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளராகி நாடு முழுக்கச் சுற்றியபோது இந்த ஊருக்கும் வந்தார். அப்போது நெடுஞ்சாலையை இந்தத் தேவாலயத்தின் ஊடாக நேராக இழுக்க ஒரு திட்டம் இருந்தது. சாலைப் பொறியாளர்களுக்கு அது வளைவில்லாத நல்ல கோடு. மெரிமே எதிர்த்து நின்றார். 1840இல் வெளிவந்த முதல் பாதுகாப்புப் பட்டியலிலேயே லா ஷாரித்தே சேர்ந்தது, சாலை வேறு வழியில் போனது. அவர் இல்லாவிட்டால் நான் பார்க்கப் போயிருக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது, அதில் சந்தேகமே இல்லை.

இது வெறும் பயமில்லை என்பதற்குத் தாய் மடமே சாட்சி. க்ளூனியின் தேவாலயம் 187 மீட்டர் நீளம், ரோமில் புதிய புனித பேதுரு பேராலயம் எழும்பும் வரை கிறிஸ்தவ உலகத்திலேயே பெரியது. எந்தத் தீயும் அதைத் தின்னவில்லை. புரட்சிக்குப் பிறகு 1798இல் அதை வியாபாரிகளுக்கு விற்றார்கள். அவர்கள் நடுக்கூடத்தின் குறுக்கே ஒரு தெருவை வெட்டி, கல்லை விலைபேசி விற்று, 1823 வரை இடித்துக்கொண்டே இருந்தார்கள். இன்றைக்கு அங்கே நிற்பது பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆக முழுசாக இருந்த தாய் போய்விட்டாள், பாதி எரிந்த மகள் பிழைத்துக்கொண்டாள். முழுசாக, காலியாக, நல்ல கல்லாக இருந்த கட்டடம் விற்பனைச் சரக்கு ஆனது. இங்கே மிச்சமிருந்த பாதி ஊருக்குப் பங்குக் கோயிலானது, எரிந்த பாதிக்குள் ஆட்கள் குடியிருந்தார்கள், விலை பேசிக் கல்லைப் பிடுங்க அவ்வளவு சுலபமான இடமில்லை. இது என் ஊகம்தான், ஆனாலும் இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

மெரிமே காலத்து ஆட்களுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது, அதைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய கட்டடத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகளைச் சொறிசிரங்கு மாதிரி பார்த்தார்கள். பாரிஸ் நகரைத் திருத்தியமைத்த அதிகாரி ஓஸ்மான் நோத்ர தாம் முன்னாலிருந்த தெருக்களையும் வீடுகளையும் தட்டி நிரவி, இன்று சுற்றுலாப் பயணிகள் நின்று படமெடுக்கும் அந்தப் பெரிய முற்றத்தை உண்டாக்கினார். அங்கே போய்த் தரையைப் பார்த்தால் மறைந்துபோன தெருவின் கோடுகளைக் கல்பாவில் வேறு நிறத்தில் குறித்திருப்பது தெரியும். இடித்த நூற்றாண்டு ஒன்று, கோடு போட்டு நினைவுகூர்ந்த நூற்றாண்டு இன்னொன்று! லா ஷாரித்தேயிலிருந்து அதிக தூரமில்லாத வெஸலேயில் பழைய தேவாலயத்தைச் செப்பனிடும் வேலையை மெரிமே 1840இல் 26 வயதுக் கட்டடக்கலைஞர் வியோலே-லெ-துயூக்கிடம் ஒப்படைத்தார். அந்த இளைஞர் விழ இருந்த கட்டடத்தை நிஜமாகவே காப்பாற்றினார். ஆனால் இன்று அங்கே வெளிவாசலுக்கு மேலே தெரியும் அரைவட்டச் சிற்பம் அவர் காலத்தில் புதிதாகச் செய்து வைத்தது. 12ஆம் நூற்றாண்டின் நிஜச் சிற்பம் உள்வாசலில் இருக்கிறது. லா ஷாரித்தேக்கு அப்படி யாரும் ஒரு முகப்பைப் புதிதாகக் கற்பனை செய்து கொடுக்கவில்லை. ஒருவேளை ஊர் முக்கியமில்லாததால் தப்பியதோ என்னவோ.

இரண்டு கதவுச் சிற்பங்கள்

இவ்வளவு சொன்ன பிறகு என் கட்சிக்கு இடைஞ்சலான ஒன்றையும் சொல்ல வேண்டும். மேற்கு முகப்பின் வாசல்களுக்கு மேலே இருந்த அரைவட்டச் சிற்பங்களில் இரண்டு மிஞ்சியிருக்கின்றன. ஒன்று சென்ட்-க்ருவா கோபுரத்தின் அடியில், தன் இடத்திலேயே, தெருவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. நடுவில் கிறிஸ்து, பக்கத்தில் பரிந்து பேசும் மாதா, கீழ்ப்பட்டையில் கபிரியேல் வந்து சொன்னதிலிருந்து இடையர்களுக்குச் செய்தி போனது வரை வரிசையாகக் கதை. மற்றதை 19ஆம் நூற்றாண்டில் பெயர்த்தெடுத்து, தேவாலயத்துக்குள் தெற்குக் குறுக்குக் கூடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அதில் மலையில் கிறிஸ்து உருமாறிய காட்சி: மோசேயும் எலியாவும் இரு பக்கம், சீடர்கள் மூவர், கீழே மூன்று ராஜாக்களும், குழந்தையைக் கோயிலில் காணிக்கையாகக் கொடுக்கும் காட்சியும். உருமாற்றத் திருநாளைக் க்ளூனி மடங்கள் எல்லாம் கொண்டாட வேண்டும் என்று 1132இல் அதன் தலைவர் பியேர் ஏற்பாடு செய்தது இந்தச் சிற்பத்தோடு பொருந்தி வருகிறது.

உள்ளே இருப்பதன் மடிப்புகளைப் பார்க்க வேண்டும். ஆடையின் ஒவ்வொரு வரியும் கத்தியால் கீறியது போலக் கூர்மையாக இருக்கிறது, மூன்றாவது ராஜா அவசரமாக வருவதுகூடத் தெரிகிறது. வெளியே இருப்பதில் முகங்கள் மழுங்கிவிட்டன. நான் வெளியே இருப்பதுதான் சரி, அது வாசலுக்குச் செய்தது, வாசலில் இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் அதிக நேரம் நின்று பார்த்தது எதை என்று கேட்டால், உள்ளே இருப்பதைத்தான். எடுத்துக்கொண்டு போனவர்கள் செய்தது நல்ல காரியமா இல்லையா என்ற கேள்வியில் எனக்கு இன்னும் தெளிவில்லை. ஒரு வீட்டுக்காரன் தன் சுவரைப் பார்த்துக்கொள்வான், சிற்பத்தின் மூக்கைப் பார்த்துக்கொள்ள மாட்டான். இதுவும் உண்மைதான்.

தேவாலயத்தின் உட்புறத்தை நான் விவரிக்கப் போவதில்லை, பார்த்தால்தான் புரியும். திருப்பீடத்தைச் சுற்றி மேல்வரிசையில் ஓடும் பல்லிதழ் வளைவுகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். முஸ்லிம் ஸ்பெயினின் கட்டடங்களைத் தெரிந்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். க்ளூனிக்கும் ஸ்பெயினுக்கும் இருந்த போக்குவரத்தின் தடம் என்று இதைச் சொல்வார்கள். வெளியே பின்பக்கத் தோட்டத்தில் சென்-லோரான் என்ற இன்னொரு தேவாலயத்தின் அடித்தளம் புல்லுக்கு நடுவே கிடக்கிறது. பக்கத்தில் மடத்துக் கட்டடங்கள். புரட்சிக்குப் பின் விற்கப்பட்டுப் பல கை மாறி, இந்த நூற்றாண்டில் செப்பனிடப்பட்டு வருகின்றன. அது நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை, கொஞ்சம் சுத்தமாக இருப்பதைத் தவிர. மேட்டில் ஏறினால் கோட்டைமதில். அங்கிருந்து பார்க்க ஊரும் ஆறும் அழகு. பழைய புத்தகக் கடைகள் ஊருக்குள் நிறைய. 1998இலிருந்து சந்தியாகுப் பாதையின், அதாவது ஸ்பெயினின் சந்தியாகோவுக்குப் போகும் யாத்திரை வழியின், ஒரு பகுதியாக யுனெஸ்கோ பட்டியலிலும் தேவாலயம் இருக்கிறது. முதுகில் சிப்பி தொங்கவிட்ட ஒரு நடைபயணி சதுக்கத்தில் செருப்பைக் கழற்றிக் கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். நடுக்கூடத்தில் அப்படி உட்கார யாரும் விட்டிருக்க மாட்டார்கள்.

குடியிருப்பவர்களுக்கு இது லேசான வாழ்க்கை என்று நினைத்துவிட வேண்டாம். பிரான்ஸில் பட்டியலில் உள்ள கட்டடத்தைச் சுற்றிப் பொதுவாக 500 மீட்டருக்குள் சன்னல் கதவின் நிறத்தை மாற்றக்கூட அரசாங்கக் கட்டடக்கலைஞரின் சம்மதம் வேண்டும். சுற்றி இருப்பவனுக்கே இப்படி என்றால் உள்ளே இருப்பவன் பாடு என்ன? நினைத்தபடி பிளாஸ்டிக் சன்னலோ கூரையில் சூரியத் தகடோ போட முடியாது. வண்ணம் அடிக்க ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கலாம். சன்னலைத் திறந்தால் எங்களைப் போல இரண்டு பேர் கீழே நின்று உங்கள் வீட்டை இடிப்பதா வேண்டாமா என்று சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், நல்லவேளை தமிழில்.

திரும்பும் வழியில் ரயிலுக்கு நேரமிருந்தது. முக்கியத் தெருவில் ஒரு வீட்டுத் தரகர் கடையின் கண்ணாடியில் ஒட்டியிருந்த படங்களை அண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பாரிஸில் ஒரு கார் நிறுத்தும் இடத்துக்குக் கொடுக்கும் காசுக்குக் கொஞ்சம் மேலே போட்டால் இங்கே ஒரு பழைய கல்வீடு வாங்கிவிடலாம் போலிருந்தது. "அந்தக் கோயில் சுவர் வீட்டில ஒண்டு வந்தா எனக்குச் சொல்லும்," என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஈரம் கட்டாயம் ஏறியிருக்கும், ஆரோ ஒருவன் உள்ளே சீமெந்து பூசியிருப்பான், முதலில் அதையெல்லாம் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு போட வேண்டும், அப்போதுதான் கல் மூச்சு விடும், கீழ்த்தளத்துக்கு மட்டும் இரண்டு மாத வேலை என்று கணக்குச் சொல்லிக்கொண்டே நடந்தார். அப்போது உங்களையும்தானே காலி பண்ணிவிட்டுக் கோயில் கட்ட வேண்டும் என்றேன். "வரட்டும் பாப்பம்," என்றார், "நல்ல காசு குடுத்தாத்தான் எழும்புவன்."